கணினி அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு என்றால் இன்று இயந்திரக் கற்றல் மட்டும்தானா?

எம்.இ. முடித்து, நான்கு ஆண்டுகளாகக் கணினி வலையமைப்புப் பாடம் நடத்திவரும் நீங்கள், முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யப் போகும் நேரத்தில் இப்படிக் கேட்பது இயல்பே. எந்தக் கல்லூரியின் அறிவிப்புப் பலகையைப் பார்த்தாலும், வாய்மொழித் தேர்வுக்கு வந்திருக்கும் ஆய்வேடுகளின் தலைப்புகள் ஆழ்கற்றலால் (பல அடுக்கு நரம்பு வலைகளைக் கொண்டு செய்யும் இயந்திரக் கற்றலால்) இலை நோயைக் கண்டறிதல், ஆழ்கற்றலால் விழித்திரைப் படங்களை வகைப்படுத்துதல் என்று ஒன்றையொன்று ஒத்தே இருக்கின்றன. கோப்பு முறைமைகளில் ஆய்வு செய்து பட்டம் பெற்று, இப்போது சில மாணவர்களுக்கு நெறியாளராகவும் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: துறையின் பரப்பு அந்தப் பலகையைவிட மிகப் பெரியது.

இயக்குதளம், தரவுத்தளம், கம்பைலர், மறையாக்கம், கணினி வரைகலை, மொழித் தொழில்நுட்பம் என்று உட்பிரிவுகளின் பட்டியலை எந்தப் பல்கலைக்கழகத்தின் கையேட்டிலும் காணலாம் என்பதால் அதை இங்கே நீட்டவில்லை. ஆய்வில் இறங்கிய பிறகே எனக்கு விளங்கிய ஒன்றைச் சொல்வது உங்களுக்குக் கூடுதலாகப் பயன்படும். ஓர் ஆய்வேடு தன் கூற்றை எதைக் காட்டி நிலைநாட்டுகிறது என்பது எங்கள் துறையில் ஆய்வேட்டுக்கு ஆய்வேடு அடியோடு மாறுகிறது. ஒருவர் தேற்றத்தை நிறுவுகிறார், ஒருவர் இயங்கும் கருவியொன்றைக் கட்டிக் காட்டுகிறார், ஒருவர் அளந்து காட்டுகிறார், இன்னொருவர் ஊருக்குள் போய் மனிதர்களிடமிருந்து தெரிந்துகொண்டு வருகிறார். நால்வருக்கும் கிடைப்பது ஒரே பட்டம்.

நிறுவலையே சான்றாகக் கொண்ட ஆய்வேடுகளில் நான் மாணவர்களிடம் அடிக்கடி எடுத்துக்காட்டுவது, கிரேக் ஜென்ட்ரி 2009இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேடு. மறையாக்கம் செய்த தரவை, அதாவது பிறர் படிக்க முடியாதபடி பூட்டிய தரவை, பூட்டைத் திறக்காமலே, அதன்மேல் எந்தக் கணக்கையும் போட முடியுமா என்ற கேள்வியை ரிவெஸ்ட், ஆடில்மன், டெர்டூசோஸ் மூவரும் 1978இலேயே எழுப்பியிருந்தார்கள். பெருக்கலை மட்டும் அனுமதிக்கும் முறைகளும் கூட்டலை மட்டும் அனுமதிக்கும் முறைகளும் கிடைத்தனவே தவிர, இரண்டையும் வரம்பின்றிச் செய்ய ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக வழி தெரியவில்லை. ஜென்ட்ரி எடுத்துக்கொண்ட முறையிலும் ஒவ்வொரு கணக்குக்கும் மறையாக்கிய தரவுக்குள் சிறிது இரைச்சல், அதாவது சிறு பிழை, சேர்ந்துகொண்டே போகும். ஓர் எல்லையைத் தாண்டினால் விடையை மீட்க முடியாது. அவர் செய்தது என்னவென்றால், மறைநீக்கம் என்ற செயலையே மறையாக்கத்துக்குள் வைத்து நடத்தி, சேர்ந்த இரைச்சலைக் குறைத்து, மேலும் கணக்குப் போட இடம் உண்டாக்கியதுதான். தொடக்கத்தில் அது நடைமுறைக்கு உதவாத அளவுக்கு மெதுவாக இருந்தது. ஆயினும் ஆய்வேட்டுக்கு அதனால் குறை நேரவில்லை. அது நிறுவ முற்பட்டது இப்படிச் செய்ய இயலும் என்பதை. வேகத்தைப் பற்றி அது வாக்குக் கொடுக்கவில்லை.

இயலாது என்று காட்டுவதும் ஆய்வேடுதான். விளையாட்டுக் கோட்பாட்டில் சமநிலைப் புள்ளி, அதாவது எவரும் தனியாகத் தன் உத்தியை மாற்றிப் பயனடைய முடியாத நிலை, எப்போதும் உண்டு என்று ஜான் நாஷ் 1950இல் காட்டினார். பிரின்ஸ்டனில் அவர் அளித்த ஆய்வேடு 28 பக்கம் மட்டுமே. அந்தப் புள்ளி உண்டு என்பது சரி, அதைக் கணினி விரைவாகக் கண்டுபிடித்துவிடுமா என்ற கேள்வியைக் கான்ஸ்டன்டினோஸ் டாஸ்கலாகிஸ் எடுத்துக்கொண்டார். அதற்குப் பொதுவான விரைவு வழி இருக்க வாய்ப்பில்லை என்பதற்கு வலுவான அடிப்படையை 2008இல் பெர்க்லியில் அளித்த ஆய்வேட்டில் வைத்தார். இவ்வகை ஆய்வுக்கு அயல்நாடு போக வேண்டும் என்பதும் இல்லை. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்திலும் படிமுறைகள், தருக்கம், தானியங்கிக் கோட்பாடு ஆகியவற்றில் முனைவர் ஆய்வு நடக்கிறது. ஆனால் விடை கிடைக்காமலே இரண்டு ஆண்டுகள் காகிதத்தோடு உட்கார்ந்திருக்கும் மனம் வேண்டும்.

கட்டிக் காட்டும் ஆய்வுக்கு முன்னோடி ஐவன் சதர்லேண்ட் 1963இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அளித்த ஆய்வேட்டுக்காகக் கட்டிய ஸ்கெட்ச்பேட் என்ற வரைநிரல். ஒளிப்பேனாவால் திரையில் கோடு வரைந்து, இவ்விரண்டும் இணையாக இருக்க வேண்டும், இவ்விரண்டும் சமநீளமாக இருக்க வேண்டும் என்று சொன்னால் படத்தை அதற்கேற்பக் கணினியே திருத்திக்கொள்ளும். திரையில் அது இயங்கியதே சான்று. ஆனால் எல்லாத் தேர்வுக் குழுவுக்கும் இது போதுமானதாக இருப்பதில்லை. கணினிகளைக் கம்பிவழி இணைக்கும் ஈதர்நெட்டை உருவாக்கியவர்களில் ஒருவரும், கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருதை 2022ஆம் ஆண்டுக்குப் பெற்றவருமான ராபர்ட் மெட்காஃப், இணையத்தின் முன்னோடி வலையமைப்பான அர்ப்பாநெட் பற்றி எழுதிய ஆய்வேட்டை ஹார்வர்டு பல்கலைக்கழகம் முதலில் ஏற்கவில்லை. அதில் கோட்பாடு போதாது என்பது அவர்கள் கருத்து. ஹவாயில் இயங்கிய அலோகா வானொலி வலையமைப்பைக் கணிதவழியில் பகுத்தாய்ந்து சேர்த்த பிறகே 1973இல் பட்டம் கிடைத்தது. ஒரு துறையில் எதைச் சான்றாக ஒப்புக்கொள்கிறார்கள் என்பதைப் பதிவுக்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நீங்கள் வலையமைப்பு ஆசிரியர் என்பதால் களத்துக்குப் போன ஆய்வொன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் புரூவரின் குழுவைச் சேர்ந்த ஆய்வு மாணவர்கள், தேனியில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டார ஊர்களின் பார்வை மையங்களோடு நெடுந்தொலைவு வைஃபை வழியாக இணைத்தார்கள். ஊரில் இருக்கும் நோயாளியைத் தேனியில் இருக்கும் மருத்துவர் காணொளியில் பார்த்துப் பேச முடிந்தது. வைஃபை என்பது வீட்டுக்குள் பயன்படுத்த வகுத்த நெறிமுறை, அதாவது கருவிகள் தமக்குள் தரவைப் பரிமாறும் விதிகளின் தொகுப்பு. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற ஒப்புகைக்காக மிகக் குறுகிய நேரமே காத்திருக்கும். பல கிலோமீட்டர் தாண்டி வரவேண்டிய ஒப்புகை அதற்குள் வந்து சேராததால், போய்ச் சேர்ந்த பொட்டலத்தையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். அவர்கள் அந்தக் காத்திருப்பு முறையை நீக்கி, இரு முனைகளும் மாறி மாறி முறைவைத்துப் பேசும்படி நேரத்தைப் பங்கிட்டார்கள். 2007இல் வெளியான அந்தப் பகுதி, நம் பாடநூலுக்கு உட்பட்ட வலையமைப்பு ஆய்வு. 2008இல் அதே குழு வெளியிட்ட கட்டுரைதான் எனக்கு மிகவும் பிடித்தது. வலையமைப்பு ஏன் அடிக்கடி நின்றுபோகிறது என்று பார்த்தபோது, முதன்மையான காரணமாக அகப்பட்டது ஏறி இறங்கும் மின்னழுத்தமும் அதனால் பழுதான கருவிகளும். நெறிமுறையைப் பற்றி எழுதப் போனவர்கள் கரண்டைப் பற்றி எழுதினார்கள். அதுவும் கணினி அறிவியல் ஆய்வாகவே முதல்தர மாநாட்டில் ஏற்கப்பட்டது.

அளந்து காட்டும் வகையில் என் சொந்தத் தவறொன்றைச் சொல்லியாக வேண்டும். நான் வடிவமைத்த கோப்பு அமைப்பு எழுதும் நேரத்தை நன்றாகக் குறைப்பதாக நான்கு மாதங்கள் வரைபடங்கள் போட்டு மகிழ்ந்திருந்தேன். பழைய முறையை முதலிலும் என் முறையை இரண்டாவதாகவும் ஓட்டி வந்ததால், அண்மையில் படித்த தரவை வைத்திருக்கும் இடைமாற்று நினைவகம் (cache) ஏற்கெனவே நிரம்பியிருந்த பயனே எனக்குக் கிடைத்திருக்கிறது என்பதை வரிசையை மாற்றி ஓட்டியபோதுதான் கண்டேன். குறைவு ஏறக்குறைய மறைந்தே போயிற்று. இத்தகைய ஆய்வில் பெரும்பகுதி நேரம் உங்கள் எண்ணையே நீங்கள் சந்தேகிப்பதில் செலவாகும்.

இயந்திரக் கற்றலைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று; அதற்குள்ளேயே நிறுவலும் கட்டுமானமும் அளவையும் உண்டு. தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். வாக்கிய அமைப்பைக் குறித்துவைத்த தமிழ்த் தரவுத் தொகுப்பொன்று பிராகா நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவாகி வெளியானது. அதில் இருப்பவை 600 வாக்கியங்கள், பத்தாயிரத்துக்கும் குறைவான சொற்கள். ஆங்கிலத்துக்கு ஏறக்குறைய பத்து லட்சம் சொற்கள் கொண்ட இத்தகைய தொகுப்பு 1990களிலேயே வந்துவிட்டது. வேற்றுமையும் காலமும் இடமும் ஒரே சொல்லில் ஏறி நிற்கும் ஒரு மொழிக்கு அத்தகைய தொகுப்பை நேர்மையாக உருவாக்குவதே, ஏற்கெனவே உள்ள மாதிரியில் இன்னோர் அடுக்கைச் சேர்த்து அரை விழுக்காடு கூட்டுவதைவிட மதிப்புள்ள ஆய்வு என்பது என் கருத்து.

நடைமுறைச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி ஆய்வுக்காலம் குறைந்தது 3 ஆண்டுகள், பொதுவாக 6 ஆண்டுகளுக்கு மிகாமல் முடிக்க வேண்டும். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். எங்கள் துறையில் முதல்தர மாநாட்டுக் கட்டுரைக்கு ஆய்விதழுக்கு நிகரான மதிப்பு உண்டு; இது பல கல்லூரி நிர்வாகங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

பதிவுப் படிவத்தில் ஆய்வுப் பரப்பு என்ற கட்டத்தை நிரப்புவதற்கு முன், நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் நெறியாளரின் மாணவர்கள் முடித்த ஆய்வேடுகளில் இரண்டையாவது இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்கா தளத்தில் தேடி எடுத்து, முன்னுரையை விட்டுவிட்டு, முடிவுகள் என்ற இயலை மட்டும் முதலில் படியுங்கள். அங்கே இருப்பது தேற்றமா, கருவியா, அட்டவணையா, களக்குறிப்பா என்று பாருங்கள். அந்த வேலையை ஐந்து ஆண்டுகள் அன்றாடம் செய்ய உங்களுக்கு மனம் வருமானால் அவரிடம் போய்ப் பேசுங்கள்.