பாப்பாவுக்கு லூபஸ், படிக்க ஆசைப்படுறதும் லூபஸ்: கரூர் அம்மா ஒருத்தருக்கு என் பதில்

அம்மா, நீங்க அனுப்பின நாலு வாய்ஸ் மெசேஜும் கேட்டேன், நாலாவதுல பாதிக்கு மேல பேச்சே இல்ல, மிக்ஸி ஓடுற சத்தம்தான் வருது, பரவால்ல, விஷயம் புரிஞ்சிருச்சு. பாப்பா ப்ளஸ் டூ, பயோ மேத்ஸ் குரூப், பத்தாவது லீவுல லூபஸ்னு கண்டுபிடிச்சாங்க, அதாவது உடம்போட எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குற நோய், வெயில் பட்டா கூடும், இப்ப மாத்திரையில கண்ட்ரோல்ல இருக்கு. அவ "நான் லூபஸ்லதான் ரிசர்ச் பண்ணுவேன்"ங்கிறா. நீங்க "பி.காம் படிச்சுட்டு பேங்க் எக்ஸாம் எழுது, வெயில் படாம ஏசியில உக்காந்து வேலை பாரு"ங்கிறீங்க. அவங்க அப்பா "படிச்சா டாக்டர்தான், ஒரு வருஷம் நீட் கோச்சிங் போட்டா முடிஞ்சுது"ங்கிறாரு. ஒரே வீட்டுல மூணு கட்சி.

ஒண்ணு சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்ல, படிப்பு வேலை பத்தி ஆலோசனை சொல்றவன். மாத்திரை, வெயில், தூக்கம் இதெல்லாம் பாப்பாவோட ரூமட்டாலஜி டாக்டர், அதான் வாத நோய் டாக்டர், சொல்றதுதான் கணக்கு. ஆனா லூபஸ் மாதிரியே எதிர்ப்புச் சக்தி தடம் மாறி வர்ற முடக்குவாதம்னா என்னன்னு எனக்கும் கொஞ்சம் தெரியும், எங்கம்மாவுக்கு இருக்கு. காலையில எந்திரிச்சா ஒரு மணி நேரம் விரல் மடங்காது, காபி டம்ளரை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சு, ஏதோ சாமி பிரசாதம் வாங்குற மாதிரிதான் குடிப்பாங்க. ஓ.பி.க்கு கூட்டிட்டுப் போனா டாக்டர் தோள்பட்டைல ஆரம்பிச்சு முழங்கை, மணிக்கட்டு, ஒவ்வொரு விரல் கணு, முழங்கால்னு 28 மூட்டையும் அமுக்கி அமுக்கி, எங்க வலிக்குது எங்க வீங்கியிருக்குன்னு எண்ணி எழுதுவாரு. நான் ரொம்ப நாளா அது சும்மா தொட்டுப் பாக்குறதுன்னு நெனச்சேன், அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த எண்ணிக்கையை வச்சுத்தான் ஸ்கோர் போடுவாங்க, உலகம் பூரா மருந்து டிரையல்ல இந்த மருந்து வேலை செய்யுது செய்யலன்னு முடிவு பண்றதுல அதுக்குப் பெரிய பங்கு. ரிசர்ச்னா கண்ணாடிக் குழாயும் மைக்ராஸ்கோப்பும் மட்டும்னு நெனைக்காதீங்க, அந்த விரலை அமுக்கி எண்ணுறதும் ரிசர்ச்தான். இதை ஏன் சொல்றேன்னா, பாப்பா கிட்ட நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வியே இதுல இருக்கு: அவளுக்கு மனுஷங்களைப் பாக்கணுமா, செல்லைப் பாக்கணுமா? ரெண்டுக்கும் வழி வேற, செலவு வேற, உடம்பு படுற பாடும் வேற.

மனுஷங்களைப் பாக்கணும்னா அப்பா சொல்ற வழி. எம்.பி.பி.எஸ். இன்டர்ன்ஷிப்போட அஞ்சரை வருஷம், அப்புறம் எம்.டி. ஜெனரல் மெடிசின் 3 வருஷம், திரும்ப ஒரு நுழைவுத் தேர்வு எழுதி ரூமட்டாலஜி பக்கம் டி.எம்.ங்கிற மேற்படிப்பு 3 வருஷம். நடுவுல ஒரு நாள் கூட வீணாகலன்னாலும் பதினொண்ணரை வருஷம், யாருக்கும் அப்படி வீணாகாம போறதில்ல, அதனால 30 வயசுன்னே வச்சுக்கோங்க. டி.எம். இங்க பக்கத்துலயே இருக்கு, சென்னை மெடிக்கல் காலேஜ், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், ஆனா சீட் கைவிட்டு எண்ணுற அளவுதான். தேவை மட்டும் குறையவே குறையாது, மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்ச்சுட்டு எலும்பு டாக்டர் கிட்ட ரெண்டு வருஷம் அலைஞ்சுட்டு கடைசியா ரூமட்டாலஜி பக்கம் வர்றவங்க எத்தனை பேர்னு உங்களுக்கே தெரியும், நீங்களும் முதல்ல தோல் டாக்டர் கிட்டதான போனீங்க.

இதுல நான் மறைக்காம சொல்ல வேண்டியது நைட் டியூட்டி. இன்டர்ன்ஷிப்லயும் எம்.டி.யிலயும் ராத்திரி முழிக்காம தப்பிக்க முடியாது. லூபஸ் இருந்தா எம்.பி.பி.எஸ். படிக்கவே முடியாதுன்னு நான் சொல்லல, ஆனா பாப்பாவோட டாக்டர் கிட்ட இதை நேரடியா கேளுங்க, "படிக்கலாமா"ன்னு பொதுவா கேக்காதீங்க, அவரு "ஓ படிக்கலாமே"ன்னுதான் சொல்வாரு. "மாசத்துல இத்தனை நாள் நைட் டியூட்டி வரும், இவ உடம்பு தாங்குமா, கிட்னி ரிப்போர்ட் இப்ப எப்படி இருக்கு"ன்னு கேளுங்க.

அப்பா கிட்ட ஒரு சேதி சொல்லணும். நீட் ஒரு தடவை எழுதட்டும், தாராளமா. ரிப்பீட்டர் பேட்ச் மட்டும் வேணாம். என்கிட்ட வந்த பையன் ஒருத்தன், அவனுக்கு முதுகுத்தண்டு வாதம், ஒரு கோச்சிங் சென்டர் ஹாஸ்டல்ல பெஞ்சுல காலையில ஆறு மணிலேர்ந்து உக்கார வச்சு, எந்திரிச்சு நடக்க பெர்மிஷன் கேட்டா சாக்கு சொல்றான்னு சொல்லி, மூணு வருஷம் போச்சு, மார்க்கும் வரல முதுகும் போச்சு. இப்ப நல்லா இருக்கான், ஆனா அந்த மூணு வருஷத்தை யாரு திருப்பிக் குடுப்பா?

சரி, செல்லைப் பாக்கணும்னா? இந்த வழி நம்ம ஊர்ல பாதி பேருக்குத் தெரியவே தெரியாது, பயோ மேத்ஸ் எடுத்த புள்ளைக்கு இது அளவெடுத்து தச்ச சட்டை மாதிரி. ஐசர்னு மத்திய அரசோட அறிவியல் ஆராய்ச்சிக் கல்லூரி ஏழு இடத்துல இருக்கு, நமக்குப் பக்கம் திருப்பதியும் திருவனந்தபுரமும். பி.எஸ்.-எம்.எஸ். 5 வருஷம், நுழைவுத் தேர்வு பேரு ஐ.ஏ.டி., பயாலஜி கெமிஸ்ட்ரி மேத்ஸ் பிசிக்ஸ் நாலுலயும் 15 கேள்வி, மொத்தம் 60, 3 மணி நேரம். நீட்டுக்கு படிச்சதே முக்கால்வாசி உதவும், கணக்கை மட்டும் விட்டுடக் கூடாது. மத்திய அரசோட இன்ஸ்பயர் ஸ்காலர்ஷிப் கிடைச்சா வருஷம் 80,000 ரூபாய், அதுல 60,000 கைக்கு, 20,000 லீவுல செய்யுற ப்ராஜெக்டுக்கு. அதுக்கப்புறம் ஜே.ஆர்.எஃப்.ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கி பி.எச்.டி. சேந்தா மாசம் 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு 42,000. "படிச்சுட்டே இருந்தா எப்ப சம்பாதிக்கிறது"ன்னு கேட்டீங்கல்ல, 22, 23 வயசுலேர்ந்து படிக்கிறதுக்கே காசு தர்றான். ஐசர் கிடைக்கலன்னா திருச்சி, கோயம்புத்தூர் பக்கம் நல்ல காலேஜ்ல பயோகெமிஸ்ட்ரியோ மைக்ரோபயாலஜியோ பி.எஸ்ஸி., அப்புறம் எம்.எஸ்ஸி., பி.எச்.டி., ரோடு கொஞ்சம் சுத்தும், போற ஊரு ஒண்ணுதான்.

இதுலயும் ஒரு எச்சரிக்கை, நோய் எதிர்ப்பை குறைக்கிற மாத்திரை சாப்பிடுறவங்க காசநோய் கிருமி மாதிரி உயிரோட இருக்கிற கிருமிகளை வளக்குற லேப்ல வேலை பாக்குறதுக்கு முன்னாடி டாக்டர் கிட்ட கண்டிப்பா கேக்கணும். ஆனா லூபஸ் ரிசர்ச்ல நிறைய வேலை இப்ப கம்ப்யூட்டர்லயே நடக்குது, நீங்க ஆசைப்பட்ட ஏசி ரூமே கிடைச்சிரும்.

பாப்பா கிட்ட ஒரு கதை சொல்லுங்க, நீங்களும் கேளுங்க. எல்லப்பிரகட சுப்பாராவ்னு ஒருத்தர், பீமவரத்துல பொறந்தவரு, திருவல்லிக்கேணி இந்து ஹைஸ்கூல்ல படிச்சு சென்னை மெடிக்கல் காலேஜ்ல சேந்தாரு. அவரோட அண்ணன் தம்பி ரெண்டு பேரு ஸ்ப்ரூங்கிற குடல் நோயில அடுத்தடுத்து செத்துப் போனாங்க, அவருக்கே அது வந்து பொழைச்சாரு. காலேஜ்ல கதர் போட்டுட்டு வந்தாருன்னு வெள்ளைக்கார புரொபசருக்கு கோவம், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலா அதுக்கும் கீழ எல்.எம்.எஸ்.தான் குடுத்தாங்க. மார்க்கு மார்க்குன்னு குதிக்கிற அப்பா காதுல இது விழட்டும். மனுஷன் அமெரிக்கா போயி, லெடர்லி கம்பெனில அவரோட டீம் ஃபோலிக் ஆசிடை லேப்ல செஞ்சுது, அது ஸ்ப்ரூவுக்கே மருந்தாச்சு. அதோட நிக்காம ஃபோலிக் ஆசிடுக்கு எதிரா வேலை செய்யுற பொருளையும் அதே டீம் செஞ்சுது, முதல்ல குழந்தைங்களோட ரத்தப் புற்றுநோய்க்குக் குடுத்தாங்க, அந்த வரிசையில வந்ததுதான் மெத்தோட்ரெக்சேட். எங்கம்மா வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடுற மஞ்ச மாத்திரை, காலண்டர்ல கட்டம் போட்டு வச்சிருப்பாங்க, டாக்டர் சொன்ன மத்த நாள்ல ஃபோலிக் ஆசிட். அந்த மனுஷன் டீம் செஞ்ச மருந்தும் அதோட எதிரியும் எங்க வீட்டு ஒரே டப்பாக்குள்ள கெடக்கு. சுப்பாராவ் 1948லயே போய்ட்டாரு, முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டை அமெரிக்காவுல அதிகாரப்பூர்வமா ஒத்துக்கிட்டது 1988ல. நடுவுல 40 வருஷம்.

இதைச் சொல்றது பாப்பாவை பயமுறுத்த இல்ல, ஆனா "நான் மருந்து கண்டுபிடிச்சு என்னைய நானே குணப்படுத்திக்குவேன்"னு அவ உங்க கிட்ட சொன்னதா மூணாவது மெசேஜ்ல சொன்னீங்களே, அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு உறுத்துது. பாப்பா சாப்பிடுற எச்.சி.க்யூ., அதான் ஹைட்ராக்சிகுளோரோகுயின், மலேரியா மாத்திரை, கொரோனா வந்தப்ப திடீர்னு எல்லாரும் வாங்கி மெடிக்கல்ல கிடைக்காம லூபஸ்காரங்க அலைஞ்சாங்களே அதேதான். அதுக்கு அமெரிக்காவுல 1955ல அனுமதி கிடைச்சுது, அதுக்கப்புறம் லூபஸுக்குன்னே ஒரு புது மருந்துக்கு அனுமதி வர 2011 ஆச்சு, பெலிமுமாப்னு பேரு. அவ்வளவு மெதுவா போற வண்டி இது. தன் உடம்புக்காக மட்டும் ஏறினா நடுவழியில மனசு விட்டுரும், சோதனை எலி செத்துப் போகும், ஆறு மாச டேட்டா தப்பாகும், எழுதி அனுப்பின ஆராய்ச்சி பேப்பர் திரும்பி வரும், அந்த வேலையே புடிச்சிருந்தாதான் உக்காந்திருக்க முடியும்.

ஆனா வண்டி இப்ப ஸ்பீடு எடுக்குதுங்கிறதும் உண்மை. லூபஸ் வர்ற பத்து பேர்ல ஒம்பது பேரு பொம்பளைங்க, ஏன்னு ரொம்ப நாளா யாருக்கும் சரியா புடிபடல. 2022ல ஸ்பெயின்ல சின்ன வயசுலயே லூபஸ் வந்த ஒரு பொண்ணோட ஜீனை முழுசா படிச்சுப் பாத்து, டி.எல்.ஆர்.7ங்கிற ஒரே ஒரு ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறினதே லூபஸ் வர போதும்னு கரோலா வினுவேசா டீம் காட்டுச்சு, அதே மாத்தத்தை எலிக்கு வச்சா எலிக்கும் லூபஸ் வந்துச்சு. அந்த ஜீன் இருக்கிறது எக்ஸ் குரோமோசோம்ல, பொம்பளைங்களுக்கு ரெண்டு எக்ஸ், ஆம்பளைங்களுக்கு ஒண்ணுதான், புரியுதுல்ல? இன்னொண்ணு ஜெர்மனில எர்லாங்கன் ஊர்ல, கியோர்க் ஷெட் டீம், 2021ல எந்த மருந்துக்கும் அடங்காத லூபஸ் இருந்த 20 வயசு பொண்ணுக்கு, அவளோட டி செல்லையே, அதான் ரத்தத்துல இருக்கிற ஒரு வகை எதிர்ப்புச் சக்தி செல், வெளிய எடுத்து மாத்தி உள்ள விட்டாங்க, கார்-டி செல்னு பேரு, புற்றுநோய்க்குப் பண்றது. நோய் அடங்குச்சு, அடுத்த வருஷம் அஞ்சு பேரோட ரிசல்ட் போட்டாங்க. எல்லாருக்கும் வர இன்னும் நாளாகும், செலவும் பயங்கரம். நம்ம ஊர்லயே ரத்தப் புற்றுநோய்க்கு ஒரு கார்-டி 2023ல அனுமதி வாங்குச்சு, அதை ஆரம்பிச்சது ஐ.ஐ.டி. பாம்பே லேப்ல. எம்.பி.பி.எஸ். இல்லாம இந்தப் பக்கம் வர முடியாதுன்னு அப்பா சொன்னா இதைச் சொல்லுங்க.

மூணாவதா ஒரு கதவும் இருக்கு, சுருக்கமா சொல்றேன். கணக்கு நல்லா வந்தா பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதாவது மருத்துவ டேட்டாவைக் கணக்குப் போட்டுப் பாக்குற படிப்பு, வேலூர் சி.எம்.சி.யிலயே எம்.எஸ்ஸி. இருக்கு. பி.பார்ம் முடிச்சு மருந்து டிரையல் பக்கம் போலாம். வீடு வீடா போயி கேட்டு எண்ணுறதும் ஒரு ரிசர்ச், 1996ல புனே பக்கம் பிக்வான்ங்கிற கிராமத்துல டாக்டர் அரவிந்த் சோப்ரா டீம் அப்படித்தான் யாருக்கு மூட்டு வலி, எந்த மாதிரி வலின்னு கணக்கெடுத்தாங்க. ஆனா அது வெயில்ல அலையுற வேலை, நம்ம பாப்பாவுக்கு வேணாம், அந்த டேட்டாவை உள்ள உக்காந்து பாக்குற ஆளா போகட்டும்.

பி.காமை நான் கேவலமா சொல்லல அம்மா. உங்க பயம் எனக்கு தெரியுது, ஆனா பேங்க்லயும் மார்ச் மாசம் ராத்திரி எட்டு ஒம்பது ஆகும், டிரான்ஸ்பர் வடக்கே போடுவான், ரூமட்டாலஜி டாக்டரே இல்லாத ஊருக்கு. பாதுகாப்பான வேலைனு நாம நெனைக்கிறதுல எல்லாம் அந்தப் பாதுகாப்பு இருக்கான்னு பாக்கணும். பாப்பா எந்த ஊருக்குப் போனாலும் ரெண்டு மணி நேர தூரத்துல ரூமட்டாலஜி ஓ.பி. இருக்கணும், எந்த காலேஜை தேர்வு பண்ணினாலும் இதை முதல் கண்டிஷனா வைங்க, ரேங்க் எல்லாம் அப்புறம்.

இப்ப இந்த மாசம் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. வீட்டுல பாப்பாவோட ரிப்போர்ட் ஃபைல் இருக்கும்ல, ரெண்டு வருஷத்துது, ஜவுளிக்கடை கவர்ல சொருகி வச்சிருப்பீங்க, அதை அவ கையில குடுங்க. தேதி வாரியா அடுக்கி, ஒரு நோட்டுல கட்டம் போட்டு, நோய் எவ்வளவு ஆட்டம் போடுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட் இ.எஸ்.ஆர்., சி3, சி4, கிட்னிக்காக யூரின்ல புரோட்டீன், அன்னைக்கு என்ன டோஸ், அந்த மாசம் எக்ஸாம் இருந்துச்சா, கோயில் திருவிழா வெயில்ல நின்னாளா, எல்லாத்தையும் எழுதி கிராப் போடச் சொல்லுங்க. மாத்திரையில கை வைக்க இல்ல, அது டாக்டர் வேலை. இது சும்மா பாக்குறதுக்கு. ராத்திரி பத்து மணிக்கு "அம்மா இந்த மாசம் சி3 எறங்கினதுக்கு அப்புறம்தான் கை வீங்கியிருக்கு, ஏன்?"னு உங்களை எழுப்பினான்னா ஐ.ஏ.டி. ஃபார்ம் எப்ப வருதுன்னு பாத்து வைங்க. ரெண்டு பக்கம் எழுதிட்டு ஃபைலை மூடி வச்சு, பக்கத்து வீட்டு ஆயாவுக்கு முட்டி எப்படி இருக்குன்னு கேக்கப் போயிட்டான்னா அவ மனுஷங்க பக்கம், நீட்டுக்கு உக்காரட்டும். அந்த ஃபைலை பாத்தாலே அழுகை வருதுன்னா கட்டாயப்படுத்தாதீங்க, கொஞ்ச நாள் போகட்டும், வேற படிப்பு பத்தி பேசுவோம், அதுலயும் தப்பில்ல.

பண்ணிட்டு அந்த நோட்டோட வாங்க, ஃபீஸ் எல்லாம் வேணாம், சனிக்கிழமை சாயங்காலம் வெயில் எறங்கின அப்புறம் வந்தா போதும். அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. அடுத்த வாய்ஸ் மெசேஜை பாப்பாவே அனுப்பட்டும், மிக்ஸியை அணைச்சுட்டு.