பர்ச்சேஸையும் மார்க்கெட்டிங்கையும் ஒன்றாக வேலை செய்ய வைப்பது எப்படி?

“மார்க்கெட்டிங் ஆட்கள் கஸ்டமர், கஸ்டமர் என்கிறார்கள், பர்ச்சேஸ் ஆட்கள் ரேட், ரேட் என்கிறார்கள். இரண்டு பேரையும் எப்படி ஒரே திசையில் இழுப்பது?” என்று கேட்டிருக்கிறீர்கள். கொங்குப் பக்கம் ஒரு மசாலா கம்பெனியில் பர்ச்சேஸ் பார்ப்பவன் நான். அதனால் பதிலில் மிளகாய் நெடி கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

இந்த இழுபறிக்கு ஆட்களின் குணத்தைக் காரணம் சொல்வது வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வருடக் கடைசியில் என்னிடம் கிலோவுக்கு எத்தனை ரூபாய் மிச்சம் பிடித்தாய் என்று கேட்கிறார்கள். மார்க்கெட்டிங் ஆட்களிடம் எத்தனை டன் விற்றாய் என்று கேட்கிறார்கள். சமையலறையில் பாக்கெட்டைப் பிரிப்பவருக்குத் திருப்தியா என்ற கேள்வி யார் கணக்கிலும் இல்லை.

மிளகாய்த்தூளையே எடுத்துக்கொள்ளுங்கள். காரத்துக்குக் குண்டூர் தேஜா, நிறத்துக்குக் கர்நாடகத்துப் பியாடகி. பியாடகி விலை எகிறும் வருடத்தில் அதன் அளவைச் சற்றுக் குறைத்தால், பர்ச்சேஸ் கணக்கில் அது சேமிப்பு. சில வாரம் கழித்து ஒரு அக்கா கஸ்டமர் கேருக்குப் போன் போடுவார்: “முன்ன மாதிரி குழம்பு செவக்க மாட்டேங்குதுங்க. இன்னொரு கரண்டி போட்டா காரம் தாங்கல.” இது ‘சுவை குறித்த புகார்’ என்று பதிவாகி மார்க்கெட்டிங் ஃபைலிலேயே தூங்கிவிடும். அந்த அக்கா சொன்ன வார்த்தை மாறாமல், பாக்கெட்டின் பேட்ச் நம்பரோடு என் மேசைக்கு வந்தால், எந்தச் சரக்கில் கோளாறு என்று அன்றைக்கே சொல்லிவிடலாம். செலவே இல்லாத வேலை இது. ஆனாலும் பல கம்பெனிகளில் நடப்பதில்லை.

அடுத்தது காலக்கணக்கு. குண்டூரில் புது மிளகாய் வரத்து பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மும்முரம். ஈரோட்டில் புது மஞ்சளும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். மிளகாயை அப்போதே வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் போட்டுவிட வேண்டும். தீபாவளி ஆஃபரை ஆகஸ்டில் முடிவு செய்துவிட்டு “கூடுதல் சரக்கு வேணும்” என்றால், ஸ்டாக் வைத்திருப்பவர் சொன்னதுதான் விலை. துல்லியமாக வேண்டாம், ஜனவரியிலேயே ஒரு குத்துமதிப்பு சொன்னால் போதும்.

அப்புறம் கவர். இதைத்தான் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கவர் அச்சடிக்கும் கிராவூர் முறையில், படம் செதுக்கிய உருளையால் அச்சிடுவார்கள்; ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர். ‘20% கூடுதல்’ என்று போடுவதற்கே புது சிலிண்டர் செய்ய வேண்டும். நிகர எடையையும் சட்டப்படி மாற்றி அச்சிட வேண்டும். அச்சகத்தார் பத்து கிலோ, இருபது கிலோ ரோல் எல்லாம் அடித்துத் தர மாட்டார்கள். ஸ்கீம் முடிந்த பிறகு மிஞ்சும் ரோல் காயலான் கடை விலைக்குத்தான் போகும். 2025 செப்டம்பர் 22 அன்று நூடுல்ஸ், சாஸ் போன்றவற்றுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனபோது, விலையைக் குறைப்பதா, அதே விலைக்கு எடையைக் கூட்டுவதா என்று மார்க்கெட்டிங் முடிவு செய்ய வேண்டியிருந்தது. பழைய கவர் எவ்வளவு கையில் இருக்கிறது என்று தெரியாமல் அதை எப்படி முடிவு செய்வது? அந்தக் கணக்கு பர்ச்சேஸிடம்தானே இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? மாதாமாதம் மீட்டிங் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். பிஸ்கட்டும் டீயும்தான் செலவாகும். மார்க்கெட்டிங் ஆளை ஒரு சீசனில் குண்டூர் மிளகாய்ச் சந்தைக்கு அனுப்புங்கள். பர்ச்சேஸ் ஆளை சேல்ஸ் ரெப்போடு நாலு கடை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், இன்சென்டிவ் கணக்கை மாற்றுவது. தரம் பற்றிய புகார்களில் ஒரு பங்கு பர்ச்சேஸின் தலையில் விழட்டும். ஸ்கீம் முடிந்து மிஞ்சும் கவரின் நஷ்டம் மார்க்கெட்டிங் பட்ஜெட்டில் கழியட்டும். முதல் வருடம் இரண்டு பக்கமும் முணுமுணுப்பார்கள். அதற்காக முதலாளி பின்வாங்கக் கூடாது.