நம்பர் இருந்த இடத்தில் கிரைண்டர்

கேள்வி: அப்பா 1980களில் வாங்கிய ஹொண்டா சிபி250என் மோட்டார் சைக்கிள் ஒன்று எங்களிடம் இருக்கிறது. சின்ன வயதில் அதன் டேங்கில் இருத்தித்தான் அவர் என்னைப் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவிலுக்குக் கூட்டிப்போவார். அவர் காலமான பிறகு அதை இந்தக் காலத்துக்கு ஏற்றமாதிரி ஓடவைக்க ஆசைப்பட்டு ஒரு கராஜில் கொடுத்தேன். சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 600இன் முன் ஃபோர்க், பிரேக், இரண்டு சக்கரம், ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) எல்லாம் பூட்டித் தர 520,000 ரூபா பேசினோம். 450,000 கொடுத்துவிட்டேன், பில் தரவில்லை. 7 மாதம் இழுத்தடித்தார்கள். எடுத்து 3ஆம் நாள் மரைன் ட்ரைவில் ஹெண்டில் உதறி விழுந்தேன், கையில் 6 தையல். தெஹிவளையில் வேறொரு மெக்கானிக் அளந்து பார்த்து, முன் பின் சக்கரங்கள் 8 மி.மீ விலகி நிற்கின்றன என்றார். கராஜ்காரரைக் கேட்டால் தூஷணத்தால் ஏசுகிறார். மோசடி என்று பொலிஸில் முறைப்பாடு கொடுத்து, வழக்கும் போட்டு, முழுப் பணத்தையும் நட்டஈட்டையும் வாங்கலாமா? பைக்கின் பதிவுப் புத்தகம் இன்னும் அப்பாவின் பெயரில்தான்; வாரிசுகள் அம்மாவும் நானும் கனடாவில் இருக்கும் அக்காவும். மாற்றியதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்கவில்லை. படங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் இணைத்திருக்கிறேன். வெல்டிங் செய்தபோது செசி நம்பர் (பைக்கின் உடற்கூட்டில் பொறித்த அடையாள இலக்கம்) கொஞ்சம் அழிந்துவிட்டது. அதைத் திரும்ப அடித்துத் தரலாம் என்கிறார் கராஜ்காரர். அதற்கு மட்டும் சம்மதிக்கட்டா?
— வெள்ளவத்தை வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய விஷயம் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்தச் செசி நம்பர்தான். 7 மாத இழுத்தடிப்பு, தூஷணம், அப்பாவின் ஞாபகம் எல்லாவற்றையும் வாசித்தேன். அவற்றில் எதுவும் உங்களை நீதவானின் முன் நிறுத்தாது. அந்த நம்பர் நிறுத்தும்.

முதலில் உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: சம்மதிக்காதீர்கள். அந்த இடத்தில் இனி ஒரு அடியும் விழக்கூடாது. கிரைண்டர், உப்புத்தாள், பெயின்ட், ரிமூவர் எதுவும் படக்கூடாது.

நீங்கள் அனுப்பிய 3ஆவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டியரிங் கழுத்தின் பக்கத்தில் சிபி250என் என்ற எழுத்துகளும் முதல் இலக்கங்களும் தெளிவாக இருக்கின்றன. கடைசி இரண்டு இலக்கங்களின் மேல் வெல்டிங் துளி உருகி உறைந்திருக்கிறது. அதை மட்டமாக்க யாரோ கிரைண்டரை ஒருமுறை இழுத்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எப்படி நடந்தது என்றும் ஊகிக்கலாம். ஃபோர்க் குழாய்களைப் பிடித்து நிறுத்தும் ஜிஎஸ்எக்ஸ்-ஆரின் கிளாம்ப் பழைய ஹொண்டாவினதைவிட அகலம். ஹெண்டிலை முழுதாகத் திருப்பினால் ஃபோர்க் குழாய் டேங்கில் இடிக்கும். அதைத் தடுக்கப் புதிய ஸ்டொப்பர் வேண்டும். கவனமான மெக்கானிக் ஸ்டொப்பரைக் கீழ்க் கிளாம்பில் வைப்பார். பெயரிங் அளவு பொருந்தாவிட்டால் ஹொண்டாவின் ஸ்டெம்மை (கழுத்துக்குள் திரும்பும் தண்டை) கழற்றி சுசுகிக் கிளாம்பில் அழுத்திப் பொருத்துவார், இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவான அளவில் பெயரிங் தேடுவார். கழுத்தைத் தொடமாட்டார். உங்கள் கராஜ்காரர் சுலபமான வழியில் போய்க் கழுத்திலேயே இரும்புத் துண்டை ஒட்டியிருக்கிறார், அதுவும் நம்பருக்குப் பக்கத்தில்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன் என்றால், நம்பரை இரும்பில் அடிக்கும்போது மேற்பரப்புக்குக் கீழே உள்ள உலோகமும் நசுங்கி இறுகும். மேலே தேய்த்துவிட்டாலும், மெருகேற்றி அமிலம் பூசினால் இறுகிய இடம் வேறுவிதமாக அரிபட்டு இலக்கம் மங்கலாகத் தெரியும். அரச பகுப்பாய்வாளர்கள் அழிந்த நம்பரை மீட்பது இந்த வழியில்தான். ஆனால் அந்த இறுக்கம் வெல்டிங் சூட்டில் தளர்ந்துவிடும். மேலே புது நம்பரை அடித்தால் பழைய தடமும் நசுங்கிப்போகும். இப்போது உங்கள் பைக்கில் கடைசி இரண்டு இலக்கங்கள் மீளக்கூடும். மீண்டும் சூடுபட்டாலோ நம்பர் அடிக்கும் பஞ்ச் பட்டாலோ, இது அப்பாவின் பைக்தான் என்று சொல்லும் சாட்சியை நீங்களே அழித்தவர் ஆகிவிடுவீர்கள்.

"புத்தகத்தில் இருக்கிற அதே நம்பரைத்தானே அடிக்கிறோம், இதில் என்ன பொய்?" என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். பரிசோதகர் முதலில் பார்ப்பது எழுத்தின் வடிவத்தை. தொழிற்சாலை பஞ்சின் உயரம், இடைவெளி, ஆழம் ஒரு சீராக இருக்கும். கடையில் வாங்கிய பஞ்ச் செட்டால் சுத்தியலில் அடித்த 7உம் 4உம் அப்படி வராது. பழைய நம்பர் சேதப்பட்டிருந்தால் அதற்கு விளக்கம் சொல்லலாம். திரும்ப அடித்த நம்பருக்கு விளக்கம் கிடையாது. அந்த நொடியில் நீங்கள் ஏமாந்த வாடிக்கையாளர் என்ற நிலை போய், வாகனத்தின் அடையாளத்தை மாற்றிய சந்தேகநபர் ஆகிவிடுவீர்கள்.

உங்கள் பைக் விசேஷமாகச் சந்தேகத்தைக் கிளப்பும் வகை என்பதையும் விளங்கிக்கொள்ளுங்கள். பெரிய பைக்குகளைத் துண்டு துண்டாக உதிரிப்பாகம் என்று இறக்கி, இங்கே பூட்டி, ஒரு பழைய பைக்கின் புத்தகத்தில் ஓடவிடுவது இந்த நாட்டில் வெகுகாலமாக நடக்கும் வேலை. அதைப் பிடிக்கிறவர்களின் கண்ணுக்கு உங்கள் பைக் எப்படித் தெரியும்? முன்பக்கம் முழுக்க ஜிஎஸ்எக்ஸ்-ஆர், பின்பக்கம் ஜிஎஸ்எக்ஸ்-ஆர், செசி நம்பர் சுரண்டல், புத்தகம் இறந்த ஒருவரின் பெயரில், பாகங்களுக்குப் பில் இல்லை. சுங்கம் கைப்பற்றினால் தீர்வை கட்டப்பட்டதா என்பதை நிரூபிக்கும் சுமை சுங்கக் கட்டளைச் சட்டத்தின் 152ஆம் பிரிவின்படி பொருளுக்கு உரிமை கோருகிறவரின் தலையில். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் வாங்கியது என்று வாயால் சொல்வது போதாது. கராஜ்காரர் எந்தக் கடையில் வாங்கினார் என்று அந்தக் கடையின் பில்லைக் கேளுங்கள். உங்களுக்கு அவர் தர வேண்டிய பில்லைவிட இது முக்கியம்.

இனி முறைப்பாட்டுக்கு வருவோம். மோசடி என்றால் பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். இவர் சொன்ன பாகங்களைப் பூட்டித் தந்திருக்கிறார், பிழையாகப் பூட்டியிருக்கிறார். அது சிவில் தகராறு என்று பொலிஸார் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அதற்குள் நீங்கள் பைக்கைக் காட்டியிருப்பீர்கள், மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்த்திருப்பார், அறிக்கையின் முதல் வரியில் செசி நம்பர் இருக்கும். கராஜ்காரரின் மேல் போட்ட முறைப்பாடு உங்கள் மேல் திரும்புவது இப்படித்தான். விசாரணை முடியும்வரை பைக் பொலிஸ் முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் நிற்கும். நீதவான் நீதிமன்றத்தில் அதை விடுவிக்க மனுப் போட்டால், பதிவுசெய்த உரிமையாளர் யார் என்று கேட்பார்கள். அப்பா என்பீர்கள். அந்த நாளைக் கற்பனை செய்து பாருங்கள்.

வழக்கு? போடலாம். தவறிழைப்புக்கு (கவனக்குறைவால் வந்த காயத்துக்கும் நட்டத்துக்கும்) 2 வருடம், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3 வருடம் கால எல்லை, அதனால் இன்றே ஓடவேண்டிய அவசரம் இல்லை. வழக்குக்கு முன் மத்தியஸ்த சபையில் சமரசம் பேசிப் பார்க்க வேண்டியிருக்கலாம். வாட்ஸ்அப் செய்திகளைச் சான்றாகக் கொடுக்க 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் உங்கள் செய்திகள் உங்களுக்கு எதிராகவும் பேசும். "எவ்வளவு வெட்டவேண்டுமோ வெட்டுங்கள், எனக்கு 180 டயர் உள்ளே போகவேணும்" என்று நீங்களே அனுப்பிய செய்தியையும் இணைத்திருக்கிறீர்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு அந்த ஒரு வரி போதும்.

8 மி.மீ விலகலும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு உதவாது. உதறலுக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். பழைய 19 அங்குலச் சக்கரத்தை எடுத்து 120/70-17 போட்டதில் முன் அச்சு ஏறத்தாழ 3 செ.மீ தாழ்ந்திருக்கும். ஸ்போர்ட் பைக் ஃபோர்க் குட்டை என்பதால் மூக்கு இன்னும் குனிந்து கழுத்தின் சாய்வு மாறியிருக்கும். ஒற்றை ஷொக் (அதிர்வுதாங்கி) போட்டுப் பின்பக்கத்தை உயர்த்தியிருந்தால் மேலும் மாறும். கழுத்துப் பெயரிங் சரியாக உட்காராவிட்டாலும் உதறும். எது காரணம் என்று நிரூபிக்க ஒரு நிபுணர் பைக்கைக் கழற்றி அளந்து சாட்சி சொல்ல வேண்டும். கழற்றினால் கழுத்து வெளியே வரும். மறுபடியும் நம்பர்.

ஆகவே சமரசமாகப் போங்கள். முழுப் பணத்தை மறந்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த அளவில் நீங்கள் கேட்க வேண்டியவை இவை. மீதி 70,000 கொடுப்பதில்லை. கொடுத்ததில் 150,000 இலிருந்து 200,000 வரை திரும்பி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஃபோர்க், கிளாம்ப், இரண்டு சக்கரம், ஸ்விங் ஆர்ம், ஷொக் இரண்டு, முன் மட்கார்ட், வேகமானிக் கேபிள் அத்தனையும் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பைக்கைப் புத்தகத்தில் உள்ளபடி திரும்பக் கொண்டுவர அவைதான் வழி. புதிய முன் சக்கரத்தில் கேபிள் பூட்ட இடமில்லாததால் உங்கள் வேகமானி இப்போது ஓடாது என்பதையும் கவனித்திருப்பீர்கள்.

பணத்தைவிடப் பெறுமதியான ஒன்றும் அவரிடம் இருக்கிறது. எந்தத் திகதியில், ஸ்டியரிங் ஸ்டொப்பர் ஒட்டும்போது, செசி நம்பரின் கடைசி இரண்டு இலக்கங்கள் சேதமாகின என்று அவர் கைப்பட எழுதி, அடையாள அட்டை இலக்கத்தோடு கையெழுத்திட்டுத் தரவேண்டும். வேலை நடந்தபோது அவர் எடுத்த படங்களையும் வாங்குங்கள். நாளை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமோ பொலிஸோ கேட்டால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தக் கடதாசி.

பேசும்போது ஒரு விஷயத்தில் வாயைக் காத்துக்கொள்ளுங்கள். "காசு தராவிட்டால் பொலிஸுக்குப் போவேன்" என்று சொல்லவோ எழுதவோ கூடாது. பயமுறுத்திப் பணம் பறித்ததாக அவர் உங்கள்மேல் முறைப்பாடு கொடுக்க அது வழிவிடும். "பொலிஸுக்குப் போகமாட்டேன்" என்று சமரசக் கடிதத்தில் எழுதவும் கூடாது. குற்றத்தை மறைக்கச் செய்த உடன்படிக்கை செல்லாது, அதை எழுதியவரும் நல்லவராகத் தெரியமாட்டார். கடிதத்தில் வேலை, தொகை, திரும்பிவரும் பாகங்கள் இருந்தால் போதும்.

அதுவரை பைக்கை ரோட்டில் இறக்காதீர்கள், பக்கத்துத் தெருவுக்கும் வேண்டாம். நகர்த்தவேண்டுமென்றால் லொறியில் ஏற்றுங்கள். மாற்றியதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு நீங்கள் அறிவிக்கவில்லை. மரைன் ட்ரைவில் உங்கள் கையோடு போனது, அடுத்தமுறை நடைபாதையில் நிற்கும் ஒருவரின் காலாக இருந்தால், முக்கியமான மாற்றத்தை மறைத்தீர்கள் என்று சொல்லி நிறுவனம் விலகப் பார்க்கும். ஒருவருடைய வாழ்நாள் சம்பளத்தை நீங்கள் சொந்தப் பணத்தில் கட்டவேண்டி வரலாம். நாலரை லட்சத்தைப் பற்றிய கவலை அப்போது ஞாபகத்துக்கே வராது.

சமரசம் முடிந்த பிறகு நீங்களாகவே நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போங்கள். பிடிபட்டபின் சொல்வதற்கும் தானாகப் போய்ச் சொல்வதற்கும் இடையில் மலைக்கும் மடுவுக்குமான தூரம். முதலில் உரிமை மாற்றம். அம்மாவும் கனடாவில் இருக்கும் அக்காவும் உரிமையாளர்கள்தான், அவர்களுடைய சம்மதம் எழுத்தில் வேண்டும். அக்காவின் கையெழுத்தை அங்கே உள்ள எமது உயர்ஸ்தானிகராலயத்தில் அத்தாட்சிப்படுத்தி எடுக்க நாள் எடுக்கும், இந்த வாரமே கேட்டு எழுதுங்கள். பிறகு கராஜ்காரரின் கடிதத்தோடு செசி நம்பர் சேதத்தை அறிவித்துப் பரிசோதனைக்கு விண்ணப்பியுங்கள். புதிதாக நம்பர் அடிக்க வேண்டுமென்றால் அது திணைக்களத்தின் அனுமதியோடு மட்டும். சுசுகிப் பாகங்களோடுதான் ஓடுவேன் என்றால் அதற்கும் அங்கேதான் அனுமதி. பழைய பாகங்களைப் பூட்டிக்கொண்டு போனால் வேலை சுலபம் என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் பக்கம் ஒரு பலம் இருக்கிறது, அதை நீங்கள் கடிதத்தில் சொல்லவே இல்லை: எஞ்சின் மாற்றப்படவில்லை. கிராங்க் கேஸில் உள்ள எஞ்சின் நம்பர் 5ஆவது படத்தில் தொழிற்சாலை எழுத்திலேயே சுத்தமாக இருக்கிறது, புத்தகத்தோடும் ஒத்துப்போகிறது. இன்று பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து, இரண்டு நம்பரையும் திரும்பப் படமெடுங்கள். அப்பாவின் அலுமாரியில் பழைய வாகன வருமான அனுமதிப்பத்திரங்களும் காப்புறுதிச் சான்றிதழ்களும் கிடக்கும், ஒன்றையும் எறியாமல் வருட ஒழுங்கில் அடுக்குங்கள். டேங்கில் நீங்கள் இருக்கிற அந்தச் சின்ன வயதுப் படத்தில் நம்பர் பிளேட் தெரிந்தால் அதையும் கோவையில் சேருங்கள்.