ஒரு சாண் புள்ளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

விமான மாடல்கள் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். 1/72 அளவில், இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் சண்டை விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி-6 ஒன்றைக் கட்டி முடித்துவிட்டு, பெயின்டில் சிக்கி நிற்கிறேன். அதற்கான ஆர்எல்எம் நிறங்கள் 74, 75 (இரண்டும் சாம்பல்), 76 (வெளிர் நீலச்சாம்பல்) மூன்றையும் மூன்று கம்பெனிகளில் வாங்கிப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எதுதான் சரியான நிறம்? இறக்கையில் 74-உம் 75-உம் பிரித்தே தெரியவில்லை என்கிறார்கள் நண்பர்கள். 74-இல் கொஞ்சம் கறுப்பு கலக்கலாமா? உடலின் பக்கவாட்டில் வரும் உருமறைப்புப் புள்ளிகளைக் கிட்டோடு வந்த வண்ணத் தாளைப் பார்த்து அப்படியே போட்டேன். சில இடங்களில் பெயின்ட் சிலந்திக்கால் மாதிரி ஓடிவிட்டது. ப்ரீ-ஷேடிங் (நிறத்துக்கு முன்பே தகட்டுக் கோடுகளில் கறுப்பு அடிப்பது) கட்டாயமா? வாலில் ஸ்வஸ்திகா ஒட்ட வேண்டுமா? படங்கள் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

படங்களைப் பார்த்தேன். இறக்கை வேரில் ஒட்டிய தடமே தெரியாமல் தேய்த்திருக்கிறீர்கள். காக்பிட் மூடியின் சட்டங்கள் அந்த அளவில் அத்தனை நேராக வருவது சுலபமில்லை. இவ்வளவு பொறுமையாகக் கட்டியவர் பெயின்ட் கடையில் பொறுமையைத் தொலைத்துவிட்டாரே என்றுதான் எரிச்சல் வருகிறது. மூன்று கம்பெனி பாட்டில் வாங்கிய காசுக்கு 109-இன் புகைப்படத் தொகுப்பு ஒன்று வாங்கியிருக்கலாம்.

நிறத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். எண் கொடுத்தது ஆர்எல்எம், அதாவது அன்றைய ஜெர்மன் விமானத்துறை அமைச்சகம். 1941 நவம்பரில் வந்த எல்.டி.வி. 521/1 என்ற விமானப்படைக் கையேடு சண்டை விமானங்களுக்கு 74, 75, 76 என்று விதித்தது. அதற்கு முன்பே இவை ஆலைகளில் புழங்கத் தொடங்கிவிட்டன. ஜி-6 ரேகன்ஸ்பர்க்கிலும், லைப்சிக்கில் எர்லா ஆலையிலும், வீனர் நொய்ஷ்டாட்டிலும் உருவானது. பெயின்ட் தயாரித்ததும் ஒரே கம்பெனி அல்ல. அடித்த கனம், வெயில், புகை எல்லாம் சேர்ந்தால் அன்றைக்கே ஒரே ஓடுபாதையில் நின்ற இரண்டு விமானங்கள் ஒரே நிறத்தில் இருந்திருக்காது. ஒரு கம்பெனியை எடுத்து அதிலேயே நில்லுங்கள். மிஸ்டர் கலர் பிராண்ட் என்றால் பாட்டில் எண்கள் 36, 37, 117. மூன்றும் ஒரே குடும்பத்திலிருந்து வந்தால் அவற்றுக்குள் இருக்கும் உறவாவது சரியாக இருக்கும். மூன்று கம்பெனிகளைக் கலந்தால் அதுவும் போய்விடும்.

74-இல் கறுப்பு கலக்கவே கலக்காதீர்கள். இரண்டு சாம்பலும் பிரித்துத் தெரியவில்லை என்று உங்கள் நண்பர்கள் சொன்னது குறையா? மேலேயிருந்து பார்க்கும் எதிரி விமானிக்கும் இறக்கையின் வடிவம் பிடிபடக் கூடாது என்றுதானே அப்படி அடித்தார்கள்! அன்றைய கறுப்பு வெள்ளைப் படங்களில் 74 எங்கே முடிகிறது, 75 எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே நேரமாகும். 1/72-க்கு நிறம் சற்று வெளிறித்தான் இருக்க வேண்டும். 74, 75 இரண்டிலும் பத்துக்கு ஒரு பங்கு 76 கலந்து கொள்ளுங்கள். வெள்ளை கலந்தால் சுண்ணாம்பு பூத்த மாதிரி ஆகிவிடும். பளபளப்பில்லாத மேட் கிளியர் அடிக்கும்வரை நிறத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்லாதீர்கள். பளபளக்கும் கிளாஸ் பூச்சில் எல்லாமே கறுத்துத்தான் தெரியும்.

இனி நான் எழுத நினைத்திருந்த விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்காதது. உங்கள் படத்தில் சிலுவைக் குறிக்கு முன்னால் இருக்கும் பெரிய புள்ளியை அளந்து பாருங்கள். என் கணக்கில் 7 மில்லிமீட்டர். அதை 72-ஆல் பெருக்குங்கள். 504 மில்லிமீட்டர். அரை மீட்டர் அகலத்துக்கு ஒரு புள்ளி! நிறம் துல்லியமாக வேண்டும் என்று மூன்று கடை ஏறியவர் ஸ்கேலை எடுத்து ஒரு தடவை அளக்கவில்லை. நிறம் கொஞ்சம் பிசகினால் கண் பழகிக்கொள்ளும். புள்ளி பெரிதானால் விமானம் சின்னதாகிவிடும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் பொம்மை என்று தெரிந்துவிடும்.

புகைப்படத்திலேயே அளவுகோல் இருக்கிறது. ஜி-6-இன் முன்சக்கர டயரின் விட்டம் 660 மில்லிமீட்டர். பக்கவாட்டில் எடுத்த படத்தில் டயரை அளந்து, பக்கத்தில் இருக்கும் புள்ளி அதில் எத்தனை பங்கு என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குதான் வரும், அதாவது ஒரு சாண். 1/72-இல் ஒரு சாண் என்பது 3 மில்லிமீட்டர் சொச்சம், 1/48-இல் 5-க்குச் சற்றுக் குறைவு. ஓரத்தின் மங்கலையும் கணக்கில் எடுங்கள். நிஜத்தில் 5 சென்டிமீட்டர் மங்கல் என்று வைத்தால் உங்கள் அளவில் 0.7 மில்லிமீட்டர். உங்கள் புள்ளிகளின் ஓரம் 2 மில்லிமீட்டருக்குப் பரவியிருக்கிறது.

கிட்டோடு வரும் தாளைத் தூக்கிப் போடுங்கள். அது ஓவியர் வரைந்தது. புள்ளிகளுக்குக் கோடு போட்ட மாதிரி ஓரம் இருக்கும், இடப்பக்கத்தைத் திருப்பிப் போட்டால் வலப்பக்கம். நிஜப் புள்ளியோ, ஆலையில் ஒருவர் ஸ்ப்ரே துப்பாக்கியைப் பிடித்து வேகமாக அடித்துவிட்டுப் போனது. முதுகின் 74-ஐ ஒட்டி நெருக்கமாகவும், கீழே இறங்க இறங்கக் கலைந்தும் போகும். ஆலைக்கு ஆலை கைவாகும் மாறும். வாலில் எழுதியிருக்கும் வெர்க்நம்பர், அதாவது தயாரிப்பு எண், தெரிந்தால் எந்த ஆலை என்று பிடித்துவிடலாம். ஒரே ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுத்து அதன் படத்தை மேஜையில் வைத்துக்கொண்டு அடியுங்கள்.

வரிசை இது. அடிப்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் 76. மேலே முழுக்க 75. இறக்கையில் ப்ளூ-டாக் என்ற ஒட்டும் பசைமாவை 2 மில்லிமீட்டர் கனத்தில் உருட்டி எல்லை வைத்து, நேர் மேலேயிருந்து 74 அடியுங்கள். ஏர்பிரஷைச் சாய்த்தால் உருட்டலுக்கு அடியில் புகுந்து ஒரு பக்கம் மட்டும் மங்கும். புள்ளிகளுக்கு 0.2 மில்லிமீட்டர் ஊசி, பெயின்ட் ஒரு பங்குக்குத் தின்னர் மூன்று, காற்றழுத்தம் 10 முதல் 12 பிஎஸ்ஐ, தூரம் ஒரு சென்டிமீட்டர். முதலில் 75-ஐ லேசாகப் பரவலாக, பிறகு 74-ஐ அதைவிடக் குறைவாக. ஒரே அடியில் புள்ளி வர வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். முதலில் காற்று மட்டும், பிறகு டிரிகரை மயிரிழை அளவு பின்னால் இழுத்து, கை சின்ன வட்டத்தில் நகர நகர மூன்று நான்கு சுற்றில் நிறம் ஏற வேண்டும்.

சிலந்திக்கால் வந்தது இங்கேதான். தண்ணீராகக் கரைத்த பெயின்டை ஒரே இடத்தில் நிறுத்தி, டிரிகரையும் அதிகம் இழுத்தால் ஈரத்தைக் காற்று நாலாபக்கமும் தள்ளிவிடும். அதற்குப் பயந்து தூரமாகப் போனால் துளிகள் வழியிலேயே காய்ந்து உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகும். திருச்சி வெயிலில் அக்ரிலிக் ஊசிமுனையிலேயே உறையும். பெயின்டில், காய்வதைத் தாமதமாக்கும் ரிடார்டர் ஒரு சொட்டு விடுங்கள். தின்னரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் முனையை அடிக்கடி துடைத்துக்கொண்டே இருங்கள். லாக்கர் வகைப் பெயின்ட் என்றால் மழைநாளில் தொடாதீர்கள், வெளுத்துவிடும். பிளாஸ்டிக் ஸ்பூனில் 76 அடித்து அதன் முதுகில் பழகுங்கள். 3 மில்லிமீட்டர் புள்ளி தொடர்ந்து பத்து வந்த பிறகு மாடலுக்குப் போகலாம்.

இப்போது அடித்ததைச் சுரண்ட வேண்டாம். சிலந்திக்கால்கள் தடித்திருந்தால் 2000 நம்பர் உப்புத்தாளை நனைத்து மேடு போகும் மட்டும் தேயுங்கள். பிறகு 76-ஐ இன்னும் நீர்க்கக் கரைத்து, பெரிய புள்ளிகளின் ஓரங்களை உள்நோக்கித் தின்றுகொண்டே வாருங்கள். அரை மீட்டர் புள்ளி ஒரு சாணுக்குச் சுருங்கும். எல்லாம் முடிந்ததும் அதே 76-ஐ மேலே ஒரே ஒரு மூட்டமாக விட்டால் எல்லாப் புள்ளியும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும்.

ப்ரீ-ஷேடிங் வேண்டாம். அந்தக் காலத்து 109 பல வெளிறும் அளவுக்கு உயிரோடு இருக்கவில்லை. எக்ஸாஸ்டுக்குப் பின்னால் கரியும், விமானி ஏறும் இடப்பக்க இறக்கை வேரில் கொஞ்சம் தேய்மானமும் போதும்.

ஸ்வஸ்திகாவை ஒட்டுங்கள். ஜெர்மனியின் குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவு அதைப் பொதுவில் காட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதிக்கிறது. அதனால்தான் பல கிட்டுகளில் அது இரண்டு துண்டாக வருகிறது, அல்லது வருவதே இல்லை. நம் வீட்டு வாசலில் போடுவது போல நிமிர்ந்து நிற்காது, 45 டிகிரி சாய்ந்து முனையில் நிற்கும். யாருக்காகப் பறந்த விமானம் என்பதை மட்டும் மறைத்துவிட்டு மிச்சத்தில் துல்லியம் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. வீட்டில் யாராவது கேட்டால் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

அடுத்த முறை இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள், மேட் பூசிய பிறகு, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து.