ஐந்து நிமிட ஆயுள்

கேள்வி: வீடியோ கேமைக் கலையாகப் படிக்கப் போகிறேன் என்கிறாள் என் மகள். அதில் படிக்க என்ன இருக்கிறது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, ஜேசன் ரோரர் 2007-இல் உருவாக்கிய ‘பாசேஜ்’ விளையாட்டை மகளோடு உட்கார்ந்து ஒருமுறை ஆடிப் பாருங்கள். ஐந்தே நிமிடம்தான். வழியில் ஒரு பெண் வருவாள். துணையாகச் சேர்த்துக்கொண்டால் குறுகலான சந்துகளில் நுழைய முடியாது. அங்கிருக்கும் புதையல் பெட்டிகளை விட்டுவிட வேண்டியதுதான். இருவருக்கும் மெல்ல வயதாகும். ஒரு கட்டத்தில் அவள் இறந்துபோவாள். அப்புறம் நம் நடையே தளர்ந்துவிடும். முதல் தடவை அந்த இடத்தில் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஒரு வசனம்கூடக் கிடையாது; விளையாட்டின் விதிகள்தான் கதை சொல்கின்றன. அந்த வித்தையைத்தான் உங்கள் மகள் படிக்க நினைக்கிறாள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-இல் தன் சேகரிப்புக்குத் தேர்ந்தெடுத்த 14 விளையாட்டுகளில் இதுவும் ஒன்று.