தை முகூர்த்தத்துக்கு மல்லிப் பந்தல்: இரண்டு விலை ஏன்?

தங்கை கல்யாணத்துக்கு வடபழனி மண்டபத்தில் மல்லிப் பந்தல் போட ஒருவர் சொன்னதில் பாதி விலைதான் இன்னொருவர் சொல்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். தையில் பனியால் மல்லி வரத்து குறையும். முகூர்த்த நாளில் கோயம்பேட்டிலேயே விலை எகிறும். அதனால் பாதி விலைக்காரரிடம் எது நிஜப் பூ, எது துணிப்பூ என்று எழுதி வாங்குங்கள்.

அப்புறம் முக்கியமானது: முதல்நாள் மாலை வரவேற்புக்குக் கட்டிய பூ, விளக்குச் சூட்டில் விடிவதற்குள் ஓரம் பழுத்துத் தொங்கிவிடும். முகூர்த்தத்துக்குப் புதுப் பூ மாற்றுவாரா என்று கேளுங்கள். மாற்றுபவரையே பிடியுங்கள், கொஞ்சம் கூடக் கேட்டாலும் சரி. மேடைக்குச் சாமந்தியும் சம்பங்கியும் போதும். மல்லியைத் தங்கையின் தலைக்கும் மாலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.