கண்ணாடிப் பேழைக்குள் ஒரு நிகழ்ச்சியை வைப்பது எப்படி?

கேள்வி: நியூயார்க்கில் கலை வரலாறு படிக்கும் முதுகலை மாணவர்கள் ஆறு பேர் சேர்ந்து, பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட் (கலைஞர் ஒரு செயலை நிகழ்த்துவதையே படைப்பாக்கும் கலை) தொடர்பான இதழ்கள், நூல்களின் வரலாற்றைப் பற்றி எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் கண்காட்சி நடத்தவிருக்கிறோம். நான்கு கண்ணாடிப் பேழைகள் கிடைத்துள்ளன. ஆண்டு வரிசையில் அடுக்கினால் போதுமா? அசலையே வைக்க வேண்டுமா, நகல் வைக்கலாமா?

பதில்: ஆண்டு வரிசை உங்களுக்கு எளிது, பார்ப்பவருக்கு அதனால் பெரிதாக எதுவும் விளங்காது. ஒவ்வொரு அச்சுப்பொருளையும் கையில் எடுத்து, இது நிகழ்ச்சிக்கு முன் வந்ததா, பின் வந்ததா, அல்லது இதுவேதான் நிகழ்ச்சியா என்று கேட்டுப் பாருங்கள். பேழைகளை எப்படிப் பிரிப்பது என்பது அந்த விடைகளிலிருந்தே கிடைத்துவிடும்.

முன் வந்தவற்றுக்கு அமெரிக்கக் கலைஞர் ஜார்ஜ் பிரெக்டின் ‘வாட்டர் யாம்’ நல்ல தொடக்கம். ஃப்ளக்ஸஸ் என்ற சோதனைக் கலைஞர் குழுவினர் 1963-இல் வெளியிட்ட இந்தப் பெட்டிக்குள் சிறு சிறு அட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு நிகழ்ச்சிக்கான குறிப்பு. அதில் ஓர் அட்டையில் தலைப்புக்குக் கீழே ‘எக்ஸிட்’ என்ற ஒரே சொல்தான் அச்சாகியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு அறையை விட்டு வெளியேறுபவர் நிகழ்ச்சியை நடத்தி முடித்தவராகிறார். ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ 1964-இல் டோக்கியோவில் 500 பிரதிகளாக வெளியிட்ட ‘கிரேப்ஃப்ரூட்’ நூலும் இந்த வகைதான். அதன் 1970-ஆம் ஆண்டுப் பதிப்பில், படித்து முடித்ததும் இந்தப் புத்தகத்தை எரித்துவிடுங்கள் என்று அவரே சொல்கிறார். அதை நாம் பூட்டிய பேழைக்குள் காக்கிறோம் என்ற முரணை விளக்க அட்டையில் ஒரு வரியாவது எழுதுங்கள்.

பின் வந்தவற்றுக்கு ‘அவலாஞ்ச்’ (1970–76), ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ (1978–97) ஆகிய இரு இதழ்களே போதும். நூலகங்கள் இதழ்களைத் தொகுத்துப் பைண்டிங் செய்யும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் நீக்கிவிடும் வழக்கம் உண்டு என்பதால், உங்கள் நூலகத்துப் பிரதியை முதலில் புரட்டிப் பாருங்கள். கலைஞர்களின் முகங்களையே அட்டையில் தாங்கி வந்த ‘அவலாஞ்ச்’ போன்ற இதழுக்கு அது பாதி உயிர் போனது மாதிரி. முழுப் பிரதிகளைப் பார்க்க நீங்கள் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை: கலைஞர் மார்த்தா வில்சன் 1976-இல் தொடங்கிய ‘ஃபிராங்க்ளின் ஃபர்னஸ்’ என்ற கலை அமைப்பு சேர்த்துவைத்த, கலைஞர்களே படைப்பாக உருவாக்கிய நூல்கள் 1993-இல் உங்கள் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குச் சென்றுவிட்டன.

அச்சுப்பொருளே நிகழ்ச்சியாகிவிடும் மூன்றாம் வகையில் அதிகம் கிடைக்காது. ஆனால் ஒரு பேழை முழுவதையும் இதற்கே ஒதுக்குவேன். 1960 நவம்பர் 27 தேதியிட்டு பிரெஞ்சுக் கலைஞர் இவ் க்ளைன் பாரிஸில் ஒரே ஒரு நாள் நாளிதழ் வெளியிட்டார். அதில் அவர் மதில் உச்சியிலிருந்து வெறும் தெருவை நோக்கிப் பாயும் படம் வந்தது. உண்மையில் கீழே அவரைத் தாங்க நண்பர்கள் படுதாவை விரித்துப் பிடித்திருந்தார்கள். ஷங்க், கெண்டர் என்ற புகைப்படக்காரர்கள் ஆளில்லாத தெருவின் படத்தை அதன்மேல் ஒட்டி அவர்களை மறைத்தார்கள். அப்படியொரு பாய்ச்சல் அந்தத் தாளில் மட்டுமே நடந்தது.

அசலா நகலா என்பதற்கு என் விடை: பேழைக்குள் அசல், மேசைமேல் நகல். தாளின் மீது விழும் ஒளி 50 லக்ஸை (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) தாண்டக் கூடாது. சன்னல் வெளிச்சம் அறவே ஆகாது. செய்தித்தாள் காகிதம் எல்லாவற்றையும்விட வேகமாகப் பழுப்பேறும். ஸ்டேபிள் பின் அடித்த இதழை மல்லாத்தி விரிக்காமல், இருபுறமும் சாய்வாகத் தாங்கும் தாங்கியில் பாதி திறந்த நிலையில் வைத்து, சில வாரங்களுக்கு ஒருமுறை பக்கத்தை மாற்றுங்கள்.

நூலகம் இரவல் தந்துவிட்டது என்பதற்காகப் படத்தைச் சுவரொட்டியில் அச்சிட உரிமை வந்துவிடாது. கலைஞர், புகைப்படக்காரர் இருவருடைய உரிமைகளையும் தனித்தனியே கேட்க வேண்டியிருக்கலாம். பதில் வர மாதக் கணக்கில் ஆகும் என்பதால் இந்தக் கடிதங்களை முதல் வேலையாக அனுப்புங்கள். பிரெக்டின் அட்டைகளுக்கு அனுமதி கிடைத்தால், நகல்களைத் தேவைக்கு மேலாகவே அச்சடித்து வையுங்கள்: கையில் எடுத்தவர்களில் பலர் திருப்பி வைக்க மாட்டார்கள், ‘எக்ஸிட்’ அட்டைதான் முதலில் காணாமல் போகும்.